மரத்திற்கும் ஓர் ஆணை

இங்கிலாந்தில் மரப் பாதுகாப்பு ஆணைக்கு உட்பட்ட மரம் தம் தோட்டத்திலேயே நின்றாலும், அதன் பசுங்கிளையை உரிமையாளர் விரும்பியவாறு வெட்ட இயலாது. உள்ளாட்சி மன்றத்தின் எழுத்துவழி இசைவு வேண்டும். 1990ஆம் ஆண்டின் நகர், ஊரகத் திட்டமிடல் சட்டம் இதற்கு அடிப்படை. வியப்பு என்னவெனில், ஆணை மன்றத்தினுடையது. மரமும் அதனைப் பேணும் பொறுப்பும் உரிமையாளருடையவை!

எம்மரம், என்ன பணி, ஏன் என்பனவற்றை விண்ணப்பம் தெளிவுறக் கூற வேண்டும். வேரால் சுவர் விரிசலுற்றது என்போர் வல்லுநர் அறிக்கையையும் இணைத்தல் வேண்டும். மன்றம் 8 வாரங்களுக்குள் முடிவுரைக்கும். மறுத்தால் மேல்முறையீடு செய்யலாம். பட்ட கிளையை நீக்க இசைவு தேவையில்லை. பட்ட மரத்தையே வீழ்த்துவதாயின் 5 வேலைநாள்களுக்கு முன்னரே மன்றத்திற்கு அறிவித்தல் வேண்டும்; பொதுவாக, அவ்விடத்தில் மற்றொரு கன்றை நடுவதும் உரிமையாளரின் கடமையாகும்.