உணர்விழந்த பாதமும் வெந்நீர்த் தொட்டியும்

மார்கழி பிறந்துவிட்டால் ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் பகுதிகளில் விடியற்காலை நீராடல் வழக்கமாகிவிடும். மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இறங்கும் குளிர்காற்றில் வெந்நீர் இன்றியமையாததாகிறது. விறகு அடுப்பில் அண்டா வைத்த காலம் போய், இன்று பெரும்பாலான வீடுகளில் கீசர் எனப்படும் மின் வெந்நீர்த் தொட்டி சுவரில் தொங்குகிறது. நோயாளி உள்ள வீட்டில் அதனை எவ்வாறு பொருத்த வேண்டும், எவ்வாறு பேண வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

எம் புறநோயாளர் பிரிவுக்குப் பல ஆண்டுகளாக நீரிழிவு உள்ள முதியவர் ஒருவர் வந்தார். கால் வலிக்கென்று காலையில் வெந்நீரில் பாதங்களை வைத்திருந்திருக்கிறார். சூடு அவருக்குத் தெரியவில்லை. மாலையில் அவருடைய மனைவி பார்த்தபோது இரு பாதங்களிலும் கொப்புளங்கள். புண் ஆறப் பல வாரங்கள் ஆயின. நீரிழிவு கால் நரம்புகளைத் தாக்கும்போது முதலில் மங்குவது இந்தச் சூட்டுணர்வும் வலியுணர்வுமே ஆகும். அத்தகையவர் தம் காலை வெப்பமானியாகக் கொள்ளுதல் கூடாது.

வெப்பமும் நேரமும்

1947-இல் அமெரிக்காவில் மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வுகள் இன்றும் அடிப்படையாக விளங்குகின்றன. 60 டிகிரி செல்சியஸ் நீர் சுமார் 5 விநாடிகளிலும், 55 டிகிரி நீர் சுமார் 30 விநாடிகளிலும் தோலை ஆழமாக வேகச்செய்யும். 49 டிகிரியில் அதற்குச் சுமார் 9 நிமிடங்கள் ஆகும். முதியோர், குழந்தைகள் ஆகியோரின் தோல் மெல்லியது. அவர்களுக்கு இன்னும் குறைந்த நேரம் போதும். குளிப்பதற்கு 37 முதல் 40 டிகிரி வரை போதுமானது.

அப்படியாயின் தொட்டியையே 40 டிகிரியில் வைத்துவிடலாமே என்று தோன்றலாம். அது சரியன்று. 1976-இல் பிலடெல்பியா நகர விடுதியொன்றில் கூடிய முன்னாள் படைவீரர்களிடையே கடும் நுரையீரல் அழற்சி பரவியது. அதற்குக் காரணமான லீஜியோனெல்லா என்னும் நுண்ணுயிரி அடுத்த ஆண்டு கண்டறியப்பட்டது. தேங்கிய வெதுவெதுப்பான நீர் அதற்கு வளரிடம். நுண்துளிகளாகச் சுவாசத்துடன் அது உட்புகும். நோயெதிர்ப்பு குன்றியவர்களும் நாட்பட்ட நுரையீரல் நோயினரும் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். ஆகவே தெர்மோஸ்டாட்டை 60 டிகிரியில் வைத்து, குழாயிலோ வாளியிலோ தண்ணீர் கலந்து சூட்டைக் குறைப்பதே முறை. வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கலப்பு வால்வைக் குளியலறையில் பொருத்தினால் மேலும் நன்று.

பொருத்தும்போது

1. 25 லிட்டர் தொட்டியில் நீரின் எடை மட்டுமே 25 கிலோ. உறுதியான செங்கற்சுவரில் உரிய போல்ட்டுகளைக் கொண்டு பொருத்துக.

2. 2 கிலோவாட் கீசர் சுமார் 9 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். அதற்கு எர்த் இணைப்புள்ள 16 ஆம்பியர் மூன்றுமுனைப் பிளக் தேவை. 6 ஆம்பியர் பிளக்கிலோ நீட்டிப்புக் கம்பியிலோ இணைக்கக் கூடாது. சுவிட்சு, நீர் தெறிக்காத இடத்தில், இயன்றால் குளியலறைக்கு வெளியே இருக்கட்டும்.

3. மின்கசிவு நேர்ந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. வீட்டில் உள்ளதா எனப் பாருங்கள். இல்லையெனில் தகுதி பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு பொருத்துக.

4. நீர் சூடேறும்போது விரிவடையும். 30 டிகிரியிலிருந்து 75 டிகிரிக்குச் செல்லும் 15 லிட்டர் நீர் ஏறத்தாழ 300 மில்லிலிட்டர் கூடும். அவ்வழுத்தத்தை வெளியேற்றுவதே குளிர்நீர்க் குழாயிலுள்ள பாதுகாப்பு வால்வு. சூடேறும்போது அதிலிருந்து சொட்டுதல் இயல்பு. சொட்டுகிறதே என்று அதை அடைத்துவிட்டால் தொட்டி வெடிக்கவும் கூடும்.

5. வெந்நீர்க் குழாய்க்குச் சாதாரண பிவிசி ஏற்றதன்று. சிபிவிசி போன்ற வெப்பந்தாங்கும் குழாயே வேண்டும்.

6. வெந்நீர்க் குழாயில் நீர் வருவதை உறுதிசெய்த பின்னரே முதன்முறை மின்சாரம் தருக.

எரிவாயுக் கீசராயின் அதனைக் குளியலறைக்குள் வைத்தல் கூடவே கூடாது. எரிதல் நிறைவுறாதபோது உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. ஆக்சிஜனைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் வலிமையாக அது ஹீமோகுளோபினுடன் பிணையும். குளிக்கும்போது தலைவலியோ மயக்கமோ தோன்றினால் உடனே கதவைத் திறந்து வெளியே வர வேண்டும்.

பேணும் முறை

மாதம் ஒருமுறை ஆர்.சி.சி.பி.யின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள்; மின்சாரம் துண்டிக்கப்பட வேண்டும். ஆழ்துளைக் கிணற்று உப்புநீர் வரும் வீடுகளில் வெப்பக் கம்பியின்மீது சுண்ணப்படிவு ஏறும். ஆண்டுக்கொரு முறை பணியாளரை அழைத்துப் படிவை நீக்கி, தொட்டியைத் துருவிலிருந்து காக்கும் மக்னீசியத் தண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். பல வாரம் பயன்படுத்தாத கீசரை முழுச் சூட்டுக்குக் கொண்டுவந்து, சன்னலைத் திறந்துவைத்துச் சிறிது நீரை வெளியேற்றிய பின் பயன்படுத்துக.

குழாயைத் தொடும்போது சுரீரென்ற உணர்வு, துருநிறத் தண்ணீர், தொட்டியில் படபடவென்ற ஓசை, அடிக்கடி மின்சாரம் துண்டித்தல் ஆகியன எச்சரிக்கைகள். சுரீரென்றால் எதனையும் தொடாது முதன்மைச் சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

பராமரிப்போர் கடமை

வாளியில் முதலில் குளிர்நீர், பின்னரே வெந்நீர். கலக்கியபின் உங்கள் முழங்கையை நனைத்துப் பாருங்கள்; உங்களுக்கும் நீரிழிவு இருந்தால் வெப்பமானியால் அளந்து பாருங்கள். நோயாளி குளியலறைக்குள் செல்லுமுன் கீசரை அணைத்துவிடுங்கள். நடுக்கமோ மறதியோ உள்ளவரைக் குழாயருகே தனியே விடாதீர்கள். கால் வலிக்கு வெந்நீரில் பாதம் வைப்பதை உணர்வு குன்றியவர்கள் அறவே தவிர்க்க வேண்டும்.

தவறிச் சுட்டுவிட்டால், மோதிரம், வளையல், கொலுசு ஆகியவற்றைக் கழற்றி, சுட்ட இடத்தைக் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பனிக்கட்டி, பற்பசை, பேனா மை, இட்லி மாவு எதுவும் வேண்டா. கொப்புளத்தை உடைக்காமல் தூய துணியால் மூடி மருத்துவமனைக்கு வாருங்கள். நீரிழிவு உள்ளவர் எனில், வலி இல்லாவிட்டாலும் அன்றே வர வேண்டும். வலியின்மை, காயம் சிறிது என்பதற்கு அடையாளமன்று.