ஆடிப் பதினெட்டும் கீமோ வார்டும்

ஆடிப் பதினெட்டு வந்தால் எங்கள் கொல்லிமலை நிறைந்துவிடும். எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வரும் சனம் ஆகாய கங்கையிலும் ஐயாற்றிலும் குளித்து, அறப்பளீசுவரரைக் கும்பிடும். செம்மேட்டில் வல்வில் ஓரி விழா நடக்கும். ஆலத்தூர் நாட்டில் எங்கள் வீட்டிலும் சொந்தக்காரர்களுக்குப் பாய் போதாது. மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்த வருடம், அந்த நாளில் நான் சென்னையில் ஒரு வார்டில் படுத்திருந்தேன். அப்போது கற்றுக்கொண்டதை, இதே நிலையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

ரத்தப் பரிசோதனை சொல்வதைக் கேளுங்கள்

கீமோ ஏற்றிய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை பெரும்பாலும் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். என் ஆடிப் பதினெட்டு சரியாக அதற்குள் வந்தது. "கவுண்ட் ஏறட்டும், அப்புறம் ஊருக்குப் போகலாம்" என்றார் டாக்டர் அம்மா. அந்த நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலே அவசரம். டாக்டரைக் கேட்காமல் மாத்திரை போட்டு அதை அடக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நடுராத்திரியில் எங்கள் மலையிலிருந்து இறங்கி, பெரிய ஆஸ்பத்திரி போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்று யோசித்ததும் அடம்பிடிப்பதை விட்டேன்.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோ என்றால், மூன்றாவது வாரத்தில் வரும் பண்டிகைக்கு வீட்டுக்குப் போக டாக்டர் அனுமதிக்கலாம். ஒரு சுற்று முன்னதாகவே கேட்டுவிடுங்கள். கரண்ட் (கதிர்வீச்சு) வைத்துக்கொள்பவர்கள், விடுமுறையில் விட்டுப்போகும் நாளை எப்படி ஈடுகட்டுவார்கள் என்று கேளுங்கள். அதற்கு மேல் நீங்களாக ஒரு நாள்கூட விடாதீர்கள்.

எல்லோரும் வர வேண்டாம்

வீட்டில் எல்லோரும் புறப்பட நின்றார்கள். சளி இருமல் இல்லாத ஒருவர் போதும் என்று சொல்லி அண்ணனை மட்டும் வரச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் சான்றிதழ் வாங்கிக்கொண்டால் சிகிச்சைக்கு ரயிலில் போய்வரக் கட்டணச் சலுகை உண்டு. தூங்கும் வசதிப் பெட்டியில் நோயாளிக்குக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி; துணைக்கு வருபவருக்கு 75 சதவீதம். பண்டிகைக் கூட்டத்தில் டிக்கெட் கிடைக்காது, முன்பதிவு அவசியம்.

பலகாரத்துக்கு முன் வாயைப் பாருங்கள்

எங்கள் மலை மிளகுக்குப் பேர்போனது. ஆனால் வாய்ப்புண் வந்த நாக்கில் ஒரு மிளகு பட்டாலும் உயிர் போகும். சாமையரிசியைக் குழைய வேகவைத்து, காரமில்லாமல், ஆறவைத்துக் குடித்தேன், இறங்கியது. ஊரிலிருந்து பலாச்சுளை, அன்னாசி, மலைத்தேன் கொண்டுவர ஆசைப்படுவார்கள். வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும்போது நறுக்கி வைத்த பழம், காய்ச்சாத பால், வடிகட்டாத தேன், புதுப் பூ எதையும் சிஸ்டரைக் கேட்காமல் உள்ளே கொண்டுவர வேண்டாம். குமட்டல் உள்ள நாளில் மிகவும் பிடித்த பலகாரத்தைக் கட்டாயப்படுத்திச் சாப்பிடாதீர்கள். அந்த வெறுப்பு அதன்மேல் ஒட்டிக்கொண்டு, குணமான பின்னும் போகாமல் இருக்கலாம்.

வார்டும் ஒரு ஊர்தான்

பக்கத்துக் கட்டிலில் குளித்தலைப் பக்கத்து அக்கா ஒருவர். அன்று காலை சிஸ்டரிடம் அனுமதி கேட்டு, ஒரு டம்ளர் தண்ணீரைக் காவிரியாக வைத்துக் கும்பிட்டார். பிறகு எனக்கும் புது மஞ்சள் கயிறு கட்டிவிட்டார். எங்கள் ஐயாறும் காவிரியில்தான் போய்ச் சேர்கிறது என்றேன். மதியம் வரை இருவரும் அவரவர் ஊர் ஆடியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். காலையில் எனக்கிருந்த ஏக்கம் அந்தப் பேச்சில்தான் குறைந்தது. பண்டிகை நாளில் போர்வைக்குள் முகத்தை மூடிக்கொள்ளாதீர்கள். அழுகை வந்தால் அழுதுவிட்டு, பக்கத்துக் கட்டிலில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை பேசுங்கள்.

வீட்டோடு வீடியோவில் பேச ஒரு நேரம் குறித்துக்கொள்ளுங்கள். களைத்துவிட்டால் நடுவில் வைத்துவிடுவேன் என்று முன்பே சொல்லிவிடுங்கள்; யாரும் வருத்தப்பட மாட்டார்கள்.

பண்டிகையைத் தள்ளி வையுங்கள்

கவுண்ட் ஏறி ஊர் திரும்பியதும், ஆவணியில் ஒரு நாள் வீட்டில் ஆடிப் பதினெட்டு கும்பிட்டோம். கூட்டம் இல்லாத கோயிலில் அறப்பளீசுவரரை நின்று நிதானமாகப் பார்த்தேன். சாமி தேதி பார்க்கிறதில்லை. மருந்துதான் பார்க்கிறது. பண்டிகையை நம் வசதிக்குத் தள்ளலாம்; சிகிச்சையை அப்படித் தள்ளக் கூடாது.

தீபாவளியோ பொங்கலோ ரம்ஜானோ கிறிஸ்துமஸோ, அடுத்து வரும் பண்டிகை உங்கள் சிகிச்சையின் எந்த வாரத்தில் விழுகிறது என்று இப்போதே நாட்காட்டியில் பாருங்கள். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது முதல் கேள்வியாக அதைக் கேளுங்கள். பதில் 'வேண்டாம்' என்றால், வீட்டில் எல்லோருக்கும் அன்றைக்கே சொல்லி, வேறொரு நாளைக் குறித்து வையுங்கள்.