செயலாராய்ச்சியும் ஆசிரியர் கூட்டுறவும்

கல்வி வளர்ச்சியைப் பள்ளிகளின் எண்ணிக்கையாலும் மாணவர் சேர்க்கையாலும் அளந்து காண்பது நெடுநாளைய வழக்கம். மாணவர் சேர்க்கையில் கேரளம் நாட்டின் முன்னணியில் நிற்கிறது. 1991ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் அது முழு எழுத்தறிவு பெற்ற மாநிலமாக அறிவிக்கப்பட்டது. குழந்தைகளைப் பள்ளிக்குக் கொண்டுவரும் பணி பெரும்பாலும் நிறைவேறிய இடத்தில் அடுத்த வினா எழுகிறது. வந்த குழந்தை கற்கிறதா? கற்கவில்லையெனில் அதற்குக் காரணம் என்ன?

இவ்வினா இன்று நடைமுறை முக்கியத்துவம் பெற்றுள்ளது. 2024-25 கல்வியாண்டில் கேரள அரசு எட்டாம் வகுப்பின் எழுத்துத் தேர்வில் ஒவ்வொரு பாடத்திலும் குறைந்தது 30 விழுக்காடு மதிப்பெண் பெற வேண்டும் என்னும் முறையைத் தொடங்கியது. அம்மதிப்பெண்ணை எட்டாத மாணவர்களுக்குக் கோடை விடுமுறையில் துணை வகுப்புகள் நடத்தவும் ஏற்பாடு செய்யப்பட்டது. பின்தங்கியோர் யார் என்பதைத் தேர்வுப் பட்டியல் தெளிவாகக் காட்டும். ஏன் பின்தங்கினர் என்பதை அது காட்டாது. காரணம் அறியாமல் நடத்தப்படும் துணை வகுப்பு, முன்பு பயன் தராத அதே பாடத்தை மீண்டும் ஒருமுறை சொல்வதாகவே முடியக்கூடும். காரணத்தை அறிய வல்லவர் வகுப்பறையில் நாள்தோறும் நிற்கும் ஆசிரியரே. அவர் அதனை முறையாக அறிவதற்குரிய வழியே செயலாராய்ச்சி எனப்படுகிறது.

செயலாராய்ச்சி என்பது யாது?

ஒரு பணியைச் செய்வோர் தம் பணியில் எழும் சிக்கலைத் தாமே ஆராய்ந்து, ஒரு மாற்றத்தைச் செய்து பார்த்து, அதன் விளைவைக் கணித்து, மேலும் திருத்திக்கொள்வதே செயலாராய்ச்சியாகும். இக்கருத்தை 1946ஆம் ஆண்டில் வெளியான தம் கட்டுரை வாயிலாக விளக்கியவர் உளவியலறிஞர் குர்ட் லெவின். பள்ளித் துறையில் இதனைப் பரப்பியவருள் முதன்மையானவர் அமெரிக்கக் கல்வியாளர் ஸ்டீபன் கோரி. அவருடைய நூல் 1953இல் வெளிவந்தது. ஆசிரியர் தம் வகுப்பறையை ஆராய்பவராக இருத்தல் வேண்டும் என்ற கொள்கையை இங்கிலாந்தில் லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ் 1975இல் வெளியிட்ட நூலில் வலியுறுத்தினார். பின்னர் ஆஸ்திரேலியாவில் கெம்மிஸ், மக்டகார்ட் ஆகியோர் திட்டமிடல், செயற்படல், உற்றுநோக்கல், சிந்தித்தல் என்னும் நான்கு படிகளைக் கொண்ட சுழற்சியாக இதனை வகுத்துரைத்தனர். ஒரு சுற்றின் முடிவு அடுத்த சுற்றின் தொடக்கமாக அமையும்.

பல்கலைக்கழக ஆராய்ச்சியினின்றும் இது நோக்கத்தால் வேறுபடுகிறது. பல்கலைக்கழக ஆய்வு எங்கும் பொருந்தும் பொதுவிதியைத் தேடுவது. செயலாராய்ச்சி இந்த வகுப்பில், இந்தக் குழந்தைகளிடம், இந்தப் பாடத்தில் என்ன நிகழ்கிறது என்று தேடுவது. எனவே இதற்குப் பெரிய மாதிரிகளும் சிக்கலான புள்ளியியலும் வேண்டியதில்லை. ஆயினும் ஒழுங்கான பதிவும், நேர்மையான ஒப்பீடும், தாம் எதிர்பார்த்ததற்கு மாறான விடையையும் ஏற்கும் மனமும் வேண்டும்.

கரமனைச் சூழல்

திருவனந்தபுரம் நகரின் தென்பகுதியில், அகத்தியமலைப் பகுதியில் பிறந்து அரபிக்கடலை அடையும் கரமனை ஆற்றின் கரையில் அமைந்தது கரமனை. நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலை இதன் வழியே செல்கிறது. தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் அக்கிரகாரத் தெருக்கள் இங்கு உண்டு. வீட்டில் தமிழும் தெருவில் மலையாளமும் பேசும் குழந்தைகளை இப்பகுதியில் காணலாம்.

கல்வி நிருவாகத்தைப் பொறுத்தவரை கரமனைக்கு ஒரு வாய்ப்பு உண்டு. மாநிலக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுமம் அடுத்துள்ள பூஜப்புரையில் இயங்குகிறது. பள்ளிகளின் கணினிக் கல்வியைக் கவனிக்கும் நிறுவனமான 'கைட்'டின் தலைமையிடமும் அங்கேயே உள்ளது. தைக்காட்டில் அரசு ஆசிரியர் கல்விக் கல்லூரி உள்ளது. பாடநூல் வகுக்கும் இடமும், ஆசிரியரை உருவாக்கும் இடமும், குழந்தை கற்கும் இடமும் ஒரே நகரின் அண்மைப் பகுதிகளாக அமைந்துள்ளன. எனினும் நிறுவனங்கள் அண்மையில் இருப்பதனால் மட்டும் அறிவு ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் சென்றுவிடுவதில்லை. சுற்றறிக்கை மேலிருந்து கீழே வருவதற்கு வழி இருப்பது போல, வகுப்பறையில் கண்டது கீழிருந்து மேலே செல்வதற்கும் வழி வேண்டும். செயலாராய்ச்சி அவ்வழிகளுள் ஒன்று.

ஒரு கணக்கும் இரு தவறுகளும்

இம்முறை செயற்படும் விதத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். நான்காம் வகுப்பில் 402இலிருந்து 157ஐக் கழிக்கும் கணக்கு தரப்படுகிறது என்று கொள்வோம். சரியான விடை 245. ஒரு மாணவன் 355 என்றும், ஒரு மாணவி 255 என்றும் எழுதுகின்றனர். மதிப்பெண் பட்டியலில் இருவருக்கும் சுழியமே. 'கழித்தல் வரவில்லை' என்று இருவரும் ஒரே பிரிவில் சேர்க்கப்படுவர்.

விடைகளை உற்றுநோக்கினால் செய்தி வேறாகிறது. 355 எழுதியவன் ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறிய இலக்கத்தைக் கழித்திருக்கிறான். எது மேலே உள்ளது, எது கீழே உள்ளது என்று அவன் நோக்கவில்லை. கடன் வாங்கிக் கழித்தல் என்னும் கருத்தே அவனிடம் உருவாகவில்லை. 255 எழுதியவளோ கடன் வாங்க அறிந்தவள். நூறிலிருந்து வாங்கியதைப் பத்தாம் இடத்தில் 10 எனக் கொண்டாள். ஒன்றாம் இடத்தையும் 12 ஆக்கினாள். ஆனால் ஒன்றாம் இடத்திற்கு ஒரு பத்தைக் கொடுத்தபின் எஞ்சுவது 9 என்பதை மறந்தாள். இடையில் சுழியம் வரும்போது மட்டுமே அவளுக்கு இத்தவறு நேரும்.

இந்த ஊகத்தைச் சோதிப்பது எளிது. 462இலிருந்து 157ஐக் கழிக்கும் கணக்கை இருவருக்கும் கொடுத்தால் போதும். முதலாமவன் 315 என்று எழுதினால், இரண்டாமவள் 305 என்ற சரியான விடையைத் தந்தால், ஊகம் வலுப்பெறுகிறது. இப்போது தீர்வும் இரண்டாகப் பிரிகிறது. முதலாமவனுக்குக் குச்சிக்கட்டுகளைக் கொண்டு, ஒரு பத்தைப் பிரித்தால் பத்து ஒன்றுகள் கிடைக்கும் என்ற இடமதிப்பிலிருந்தே தொடங்க வேண்டும். இரண்டாமவளுக்கு அது வீண்காலம். நூறு பத்துகளாகவும், அப்பத்துகளுள் ஒன்று ஒன்றுகளாகவும் மாறும் இரு படிகளை மட்டும் தனித்தனியே செய்து காட்டினால் போதும். சில வாரங்கள் கழித்து அதே வகைக் கணக்குகளை மீண்டும் கொடுத்துப் பார்ப்பது சுழற்சியின் இறுதிப்படி. பாடம் நடந்த மறுநாள் கிடைக்கும் சரியான விடை நினைவாற்றலால் வந்திருக்கலாம். சில வாரங்களுக்குப் பின்னும் நிலைப்பதே கற்றலுக்குச் சான்றாகும்.

மொழி எல்லையில் ஒரு வினா

கரமனை போன்ற இருமொழிப் பகுதிக்கே உரிய வினாக்களும் உண்டு. கேரளத்தில் தமிழ் வழியிற் பயிலும் மாணவருக்குப் பாடநூல்களை மாநிலக் குழுமமே தமிழில் வெளியிடுகிறது. அவ்வாறு பயிலும் ஒரு மாணவன் தன் கட்டுரையில், 'எனக்கு ஓர் அவசரம் கிடைத்தது' என்று எழுதலாம். தமிழில் அவசரம் விரைவைக் குறிப்பது. மலையாளத்தில் அச்சொல் வாய்ப்பைக் குறிக்கும். வெள்ளம் என்ற சொல்லும் இத்தகையதே. தமிழில் அது பெருக்கெடுத்து வரும் நீர். மலையாளத்தில் குடிக்கும் நீரும் அதுவே.

தமிழாசிரியர் தனித்து நோக்கினால் இவற்றைப் பிழை எனச் சிவப்பு மையால் சுழித்துச் செல்வார். மலையாள ஆசிரியருடன் அமர்ந்து ஒரு மாதத்துக் கட்டுரைகளிலிருந்து இத்தகைய சொற்களைத் தொகுத்தால், பிழைகளுக்குள் ஓர் ஒழுங்கு இருப்பது புலப்படக்கூடும். இரு மொழிகளுக்கும் பொதுவாயினும் பொருளில் வேறுபடும் சொற்களைப் பட்டியலிட்டு, அவற்றை இரு வகுப்புகளிலும் பாடமாக்கலாம். குழந்தையின் இருமொழி அறிவு அப்போது குறையாகக் கருதப்படாது, கற்றலுக்குரிய முதலாகும். இவ்வாராய்ச்சியைத் தனி ஆசிரியர் எவரும் முழுமையாகச் செய்ய இயலாது என்பது கருதத்தக்கது.

கூட்டுறவின் இன்றியமையாமை

தம் வகுப்பைத் தாமே ஆராயும் ஆசிரியருக்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. தாம் காண விரும்புவதையே அவர் காணக்கூடும். ஒரே விடைத்தாளை இரு ஆசிரியர்கள் தனித்தனியே வகைப்படுத்திப் பின்னர் ஒப்பிடும்போது இக்குறை பெரிதும் நீங்கும். மேலும், ஒருவர் கண்ட தீர்வு அவருடைய மாறுதலாணையுடன் பள்ளியை விட்டுப் போய்விடும். பலர் சேர்ந்து கண்ட தீர்வு பள்ளியின் வழக்கமாக நிலைபெறும்.

ஜப்பானியப் பள்ளிகளில் நெடுங்காலமாக நிலவும் பாட ஆய்வு முறை இதற்குச் சான்று. ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுவர். ஒருவர் கற்பிக்க ஏனையோர் மாணவரின் செயல்களை உற்றுநோக்கிக் குறிப்பெடுப்பர். பின்னர் கூடி ஆராய்ந்து பாடத்தைத் திருத்துவர். ஆராய்ச்சிக்கு உட்படுவது பாடமேயன்றிக் கற்பித்தவரின் திறமை அன்று என்பது அம்முறையின் உயிர்நாடி.

நம் நாட்டிலும் இதற்குரிய அமைப்புகள் படிப்படியாக உருவாகியுள்ளன. 1964-66இல் பணியாற்றிய கோத்தாரி கல்விக்குழு, உயர்நிலைப் பள்ளியையும் சுற்றியுள்ள தொடக்கப் பள்ளிகளையும் இணைக்கும் பள்ளி வளாகத் திட்டத்தைப் பரிந்துரைத்தது. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து மாவட்ட ஆசிரியர் கல்வி, பயிற்சி நிறுவனங்கள் தோன்றின. செயலாராய்ச்சி அவற்றின் பணிகளுள் ஒன்றாயிற்று. 1994இல் தொடங்கிய மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் கேரளத்தில் முதலில் காசர்கோடு, மலப்புறம், வயநாடு மாவட்டங்களிலும், இரண்டாம் கட்டத்தில் திருவனந்தபுரம் உள்ளிட்ட மேலும் மூன்று மாவட்டங்களிலும் செயற்பட்டது. அக்காலத்தில் செயல்வழிக் கற்பித்தலுக்கு மாறியபோது பெற்றோரிடையிலும் ஆசிரியரிடையிலும் கடும் விவாதம் எழுந்தது. கற்பிக்கும் முறை மாறும்போது அதன் காரணத்தையும் விளைவையும் சான்றுகளுடன் காட்டவல்ல ஆசிரியர்கள் ஒவ்வொரு பள்ளியிலும் இருத்தல் வேண்டும் என்பதே அவ்விவாதம் தரும் படிப்பினை.

இன்று கேரளப் பள்ளிகளில் ஆசிரியர்கள் கூடித் திட்டமிடும் பள்ளி வளக்குழு உண்டு. அண்மைப் பள்ளிகளின் ஆசிரியர்கள் வகுப்பு வாரியாகவும் பாட வாரியாகவும் ஒன்றுகூடும் தொகுப்புக் கூட்டங்களும் உண்டு. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை ஒவ்வோர் ஆசிரியரும் ஆண்டுக்குக் குறைந்தது 50 மணி நேரம் தொழில்சார் வளர்ச்சிக்கான வாய்ப்புகளில் பங்கேற்க வேண்டும் என்கிறது. ஆகவே புதிய அமைப்பை நிறுவுவது இன்றைய தேவை அன்று. இருக்கும் கூட்டங்களில் என்ன பேசப்படுகிறது என்பதே வினா.

தடைகள்

முதல் தடை, கூட்டங்கள் அறிவிப்புகளைப் படிக்கும் இடமாகிவிடுவது. விழா ஏற்பாடு, புள்ளிவிவரப் படிவம், நாள்காட்டி ஆகியவை நேரத்தை விழுங்கிவிட்டால் மாணவரின் விடைத்தாளுக்கு நேரம் எஞ்சாது.

இரண்டாவது தடை, செயலாராய்ச்சி ஒரு சடங்காக மாறுவது. பயிற்சிக் கல்லூரியிலோ பணியிடைப் பயிற்சியிலோ ஒப்படைக்க வேண்டிய ஏடு என்ற அளவில் அது நின்றுவிடின், தலைப்பு முதலிலும் முடிவு அடுத்தும் எழுதப்பட்டு, வகுப்பறை இறுதியில் நினைக்கப்படும். அத்தகைய ஏடுகளில் ஒவ்வொரு முயற்சியும் வெற்றி பெற்றதாகவே இருக்கும். தோல்வியைப் பதிவு செய்யாத ஆராய்ச்சியிலிருந்து எவரும் கற்க இயலாது.

மூன்றாவது தடை அச்சம். தம் வகுப்பில் பாதிப் பேருக்குக் கழித்தல் வரவில்லை என்று ஓர் ஆசிரியர் கூட்டத்தில் சொன்னால், அது அவருடைய பணித்திறன் பற்றிய குறிப்பாக மாறும் எனில், அடுத்த முறை அவர் வாய் திறவார். தகவல் மறைக்கப்படும் இடத்தில் குறை நீங்குவதில்லை.

செய்ய வேண்டுவன

தலைமையாசிரியர்களும் கல்வி அலுவலர்களும் சில எளிய ஏற்பாடுகளைச் செய்யலாம். வளக்குழுக் கூட்டத்தின் ஒரு பகுதியை மாணவரின் ஏடுகளுக்கென்றே ஒதுக்கலாம். ஒரு பருவத்திற்குப் பள்ளி ஒரே ஒரு வினாவை எடுத்துக்கொள்ளலாம். அது ஒரு வகுப்பின் ஒரு பாடத்தில் ஒரு கருத்தைப் பற்றியதாக இருந்தால் போதும். குறைந்தது இரு ஆசிரியர்கள் அதனைச் சேர்ந்து ஆராய வேண்டும். மாற்றத்திற்கு முன்னும் பின்னும் சில வாரங்கள் கழித்தும் ஒரே வகையான சோதனையை நடத்த வேண்டும். அறிக்கை இரண்டு பக்கங்களுக்கு மிகாதிருத்தல் நலம். பயன் தராத முயற்சியும் அதில் இடம்பெற வேண்டும். மாணவரின் பெயர்கள் அதில் வேண்டியதில்லை.

ஆய்வு அலுவலர் இவ்வறிக்கைகளை மதிப்பீட்டுக் கோப்பில் சேர்க்காமல் அண்மைப் பள்ளிகளுக்கு அனுப்ப வேண்டும். ஒரே சிக்கல் பல பள்ளிகளிலிருந்து வருமாயின், அது பாடநூலின் அல்லது பாடவரிசையின் குறையாக இருக்கலாம். அதனைப் பாடத்திட்டக் குழுவின் கவனத்திற்குக் கொண்டுசெல்வது அலுவலரின் கடமை. ஆசிரியப் பயிற்சி மாணவர்கள் இப்பணியில் உற்றுநோக்குநராகப் பங்கேற்றால், பயிற்சிக் காலத்திலேயே கூட்டாய்வுப் பழக்கம் அவர்களிடம் உருவாகும்.

இவற்றுக்குப் பெரும் நிதி தேவையில்லை. நேரமும் நம்பிக்கையும் தேவை. 355 எழுதிய மாணவனையும் 255 எழுதிய மாணவியையும் ஒரே பட்டியலில் சேர்த்துக் கோடை வகுப்பில் அமர்த்தும் பள்ளி, இருவருள் ஒருவரின் காலத்தையேனும் வீணாக்குகிறது. அவ்விரு விடைகளையும் மேசைமேல் வைத்துக் கூடிப் பேசும் ஆசிரியர்களைக் கொண்ட பள்ளியோ, இருவருக்கும் வேண்டியதைத் தனித்தனியே தரும் நிலையில் இருக்கும்.