கொசுறும் கணக்கும்



கறிகாய் வாங்கியவருக்கு ஒரு பிடி கறிவேப்பிலையும் இரண்டு பச்சை மிளகாயும் கொசுறாகப் போட்டுக் கொடுப்பது நம்மவர் சந்தைகளில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். வாங்குபவர் அதை இனாம் என்று எண்ணி மகிழ்கிறார். விற்பவரோ காலையில் சரக்கு எடுக்கும்போதே அந்தக் கறிவேப்பிலையின் கிரயத்தைக் கத்தரிக்காய் விலையில் ஏற்றி வைத்திருக்கிறார். கல்லாவில் உட்கார்ந்து பழகிய எவருக்கும் இதை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் அதே வியாபாரி இரவு கடையைப் பூட்டி வீடு சென்றதும், "இன்று நள்ளிரவு வரை பாதி விலை" என்று கைத்தொலைபேசி காட்டினால் கணக்கை மறந்துவிடுகிறார். கொள்முதலில் மூட்டைக்கு 20 காசு குறைப்பதற்கு அரைமணி நேரம் பேரம் பேசியவர், பிள்ளைக்கு வாங்கிய 50 வெள்ளிச் சாமானுக்கு 2 வெள்ளி பெறுமான புள்ளிகள் சேர்ந்தன என்று மனநிறைவு கொள்கிறார். பிள்ளை வளர்க்கும் வீடுகள் இணைய வாணிபத்தால் மெய்யாகவே மிச்சம் பிடிக்க இடமுண்டு, அதை மறுப்பதற்கில்லை. அந்த மிச்சம் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்பதைக் கடைக்கணக்கின் கண்கொண்டு பார்ப்பதே இப்பாடம்.

புள்ளி யாருடைய பணம்?

வாங்கியவருக்குத் திருப்பித் தரும் முறை இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1844ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் தொழிலாளர் சிலர் கூடி ஒரு கூட்டுறவுக் கடை வைத்தனர். யார் எவ்வளவு வாங்கினாரோ அந்த அளவின்படி லாபத்தை உறுப்பினர்க்கே பங்கிட்டனர். 1896இல் அமெரிக்காவில் ஸ்பெர்ரி, ஹட்சின்சன் என்னும் இருவர் வேறொரு வழி கண்டனர். பச்சை முத்திரைகளை அச்சிட்டுக் கடைக்காரர்களுக்கு விற்றார்கள். கடைக்காரர் அவற்றை வாடிக்கையாளருக்கு வாங்கிய தொகைக்கு ஏற்பக் கொடுப்பார். வீட்டுப் பெண்கள் புத்தகத்தில் ஒட்டிச் சேர்த்து, பிறகு பாத்திரமாகவோ விளக்காகவோ மாற்றிக் கொள்வார்கள். முன்னது லாபத்தில் பங்கு. பின்னது கடைக்காரரின் விளம்பரச் செலவு.

நம் ஊரில் 1973ஆம் ஆண்டு ஜூலையில் தோ பாயோவில் திறக்கப்பட்டு, 1983 முதல் ஃபேர்பிரைஸ் என்று வழங்கும் தொழிற்சங்கக் கூட்டுறவுப் பேரங்காடி முதல் வகையின் வழி வந்தது. இன்று கைத்தொலைபேசியில் நாம் காணும் புள்ளிகளும் நாணயங்களும் ரொக்கக் கழிவும் பெரும்பாலும் இரண்டாம் வகையின் பேரப்பிள்ளைகளே. 2014இல் சிங்கப்பூரில் தொடங்கிய ஷாப்பேக் நிறுவனத்தை எடுத்துக் கொள்ளுங்கள். அதன் வழியாக நீங்கள் ஓர் இணையக் கடைக்குச் சென்று வாங்கினால், ஆளை அனுப்பி வைத்ததற்காக அக்கடை ஷாப்பேக்குக்குத் தரகு கொடுக்கிறது. அத்தரகில் ஒரு பங்கு உங்களுக்கு வருகிறது. தரகு எங்கிருந்து வருகிறது என்று வியாபாரிக்கு நான் சொல்ல வேண்டுமா?

முன்னாளில் மளிகைக் கடைகளில் 555 என்று அட்டையில் போட்ட சிறு புத்தகத்தில் பற்று எழுதுவது வழக்கம். வாடிக்கையாளர் கடைக்குக் கொடுக்க வேண்டிய கடன் அதில் இருக்கும். புள்ளி என்பது அப்புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தது போன்றது. கடை வாடிக்கையாளருக்குக் கொடுக்க வேண்டிய கடன் அது. எந்தக் கடனுக்கும் நாம் கேட்கும் கேள்விகளை இதற்கும் கேட்க வேண்டும். எப்போது கைக்கு வரும்? ரொக்கமாக வருமா, சரக்காகவா? தவணை கடந்தால் தள்ளுபடி ஆகிவிடுமா? எல்லாவற்றுக்கும் மேலாக, கடன்பட்டவர் நிலைத்து நிற்பாரா?

கடைசிக் கேள்வி வெறும் வாதத்துக்காகக் கேட்பதன்று. கியூடென் என்ற இணையச் சந்தையில் நம் நகரத்துத் தாய்மார்கள் அரையாடையிலிருந்து ஸ்ட்ரோலர் வரை வாங்கினார்கள். சிறு வியாபாரிகள் பலர் அதில் கடை விரித்திருந்தார்கள். 2024இல் வியாபாரிகளுக்குச் சேர வேண்டிய விற்பனைப் பணம் தாமதமாயிற்று. முறையீடுகள் குவிந்தன. செப்டம்பரில் சிங்கப்பூர் நாணய ஆணையம் அதன் பணப்பட்டுவாடாச் சேவையை நிறுத்தி வைக்கும்படி உத்தரவிட்டது. நவம்பரில் உயர் நீதிமன்றம் நிறுவனத்தைக் கலைக்கக் கட்டளை பிறப்பித்தது. ஒரு நிறுவனம் கலைக்கப்படும்போது ஈடு இல்லாத கடன்காரர்கள் வரிசையின் பின்னால் நிற்க வேண்டும் என்பது வியாபாரச் சட்டம். புள்ளியும் முன்பணமும் வைத்திருப்பவர் அந்த வரிசையில்தான் நிற்பார். ஆகவே புள்ளி சேரச் சேரச் செலவழித்துவிடுங்கள். அதைச் சேமிப்பு என்று பெயரிட்டு அடுக்கி வைக்க வேண்டாம்.

ஒன்றின் அடக்கவிலை

ஒரு கணக்குப் பார்ப்போம். 64 அரையாடை கொண்ட பொட்டலம் 19 வெள்ளி 20 காசு என்று வைத்துக் கொள்வோம்; ஒன்று 30 காசு. மூன்று பொட்டலம் சேர்ந்த கட்டு, கழிவெல்லாம் போக 52 வெள்ளி 80 காசு. 192ஆல் வகுத்தால் ஒன்று 27½ காசு. கட்டாக வாங்கியதில் மிச்சம் 4 வெள்ளி 80 காசு. நல்லது. ஆனால் குழந்தை ஒரு சுற்றுப் பருத்துவிட்டது. 40 உருப்படி அளவு சிறுத்து மூலையில் கிடக்கின்றன என்றால் 11 வெள்ளி நஷ்டம். இருப்பு தேங்கினால் முதல் முடங்கும் என்பதைக் கடையில் எத்தனை முறை சொல்லியிருப்போம்! வீட்டு அலமாரியும் ஒரு கிடங்குதான். குழந்தை வளர்வதால் அக்கிடங்கில் சரக்கு வெகு சீக்கிரம் பழசாகும்.

இன்னொன்று. 40 வெள்ளிக்கு வாங்கினால் கொண்டுவந்து தருவது இலவசம் என்கிறார்கள். கூடையில் 31 வெள்ளிக்குச் சாமான் இருக்கிறது. 2 வெள்ளி கூலியைத் தவிர்க்க 9 வெள்ளிக்கு ஒரு விளையாட்டுப் பொருள் சேர்கிறது. இதைச் சிக்கனம் என்று சொல்லுகிறவரைக் கணக்கப்பிள்ளையாக எவரும் வைத்துக் கொள்ளமாட்டோம். இவற்றைச் சரிபார்க்க ஒரு வசதி இருக்கிறது. சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கம் 2019இல் வெளியிட்ட பிரைஸ் காக்கி என்ற செயலியில் பேரங்காடிகளின் விலைகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம். பழைய விலையைக் கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் புதிய விலை காட்டும் வித்தைக்கு இது நல்ல மாற்று மருந்து.

பால்மாவு

இவ்விஷயத்தைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. ஏனெனில் கைக்குழந்தை உள்ள வீட்டில் பெரிய செலவுகளில் ஒன்று இது. புள்ளி வலையில் அதிகம் அகப்படுவதும் இதுவே.

2017ஆம் ஆண்டு மே மாதத்தில் சிங்கப்பூர்ப் போட்டித்தன்மை ஆணையம் பால்மாவு வியாபாரத்தை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. 900 கிராம் டின்னின் சராசரி விலை 2016இல் 56 வெள்ளி 6 காசு என்றும், பத்தாண்டுகளில் அது 120 சதவிகிதம் ஏறிவிட்டது என்றும் அதில் கண்டிருந்தது. தயாரிப்பாளர்கள் விளம்பரத்துக்குச் செய்யும் செலவு, தனியார் மருத்துவமனைகளுக்கு அவர்கள் அளிக்கும் ஆதரவு, ஆஸ்பத்திரியில் குழந்தை முதன்முதலில் குடித்த மார்க்கையே பெற்றோர் தொடர்ந்து வாங்கும் மனப்பான்மை ஆகியன காரணங்களாகக் காட்டப்பட்டன. விலையுயர்ந்தது மேலானது என்ற எண்ணம் வேறு. அதன்பின் அரசாங்கம் புதிய மார்க்குகள் வருவதற்கான இறக்குமதி விதிகளை எளிதாக்கியது. டின்னின் மேல் ஊட்டச்சத்துப் பெருமைகளை அச்சிடுவதைக் கட்டுப்படுத்தியது. விற்பனைக்கு வரும் எந்த மார்க்குப் பால்மாவும் குழந்தைக்கு வேண்டிய ஊட்டச்சத்துக்குச் சட்டம் வகுத்த அளவை எட்டியே தீர வேண்டும் என்பதையும் பெற்றோருக்கு எடுத்துச் சொன்னது.

இப்போது கணக்குக்கு வருவோம். 56 வெள்ளி டின்னுக்கு 5 சதவிகிதம் ரொக்கக் கழிவு என்றால் கிடைப்பது 2 வெள்ளி 80 காசு. மாதம் நான்கு டின்னுக்கு 11 வெள்ளி 20 காசு. அக்கழிவை நாடாமல், 36 வெள்ளி விலையுள்ள வேறொரு மார்க்குக்கு மாறியவருக்கு மாதம் மிச்சம் 80 வெள்ளி. கழிவு என்னும் கொசுறு நம்மை விலையுயர்ந்த சரக்கிலேயே கட்டிப் போட்டுவிடுகிறது. அதுவே அதன் வேலை. மருத்துவர் ஒரு குறிப்பிட்ட பாலைத்தான் கொடுக்க வேண்டும் என்று எழுதிய குழந்தைக்கு இக்கணக்குப் பொருந்தாது. தாய்ப்பாலுக்கோ விலையும் இல்லை, புள்ளியும் இல்லை. முதல் ஆறு மாதத்துக்கு அதுவே போதும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

மெய்யான பணம்

வியாபாரி கொடுக்கும் கொசுறு ஒரு வகை. அரசாங்கம் கொடுக்கும் பற்றுச்சீட்டு வேறு வகை. பின்னதற்கு நாம் எதையும் கூடுதலாக வாங்க வேண்டிய நிபந்தனை இல்லை. எனினும் பல வீடுகளில் புள்ளிகளைக் கண்ணும் கருத்துமாய் எண்ணுகிறவர்கள், இவற்றைத் தவணை தவறவிட்டுவிடுகிறார்கள்.

சமூக மேம்பாட்டு மன்றப் பற்றுச்சீட்டு 2021 டிசம்பர் முதல் சிங்கப்பூரர் குடும்பங்கள் அனைத்துக்கும் வழங்கப்பட்டு வருகிறது. 2025இல் ஜனவரியில் 300 வெள்ளியும் மே மாதத்தில் 500 வெள்ளியும் வந்தன. பாதி பேரங்காடிகளுக்கு, பாதி உணவங்காடிகளுக்கும் குடியிருப்புப் பேட்டைக் கடைகளுக்கும். அதே 2025இல் நாட்டின் அறுபதாம் ஆண்டை முன்னிட்டு 21 வயது முதல் 59 வயது வரையுள்ள சிங்கப்பூரர்க்கு 600 வெள்ளியும், 60 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்க்கு 800 வெள்ளியும் வழங்கப்பட்டன. இவற்றின் தவணை 2026 டிசம்பர் 31. பன்னிரண்டு வயதும் அதற்குக் குறைவுமான சிங்கப்பூர்ப் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் லைஃப்எஸ்ஜி செயலியில் 500 வெள்ளி வரவு வைக்கப்பட்டது. அதன் ஆயுள் ஓராண்டு. பேநவ் அல்லது நெட்ஸ் க்யூஆர் அட்டை வைத்திருக்கும் கடைகளில் அது செல்லும். அதாவது சகோதரர்களே, உங்கள் கல்லாவின் முன் நிற்கும் அந்த அட்டையிலேயே ஒரு தாய் தன் பிள்ளையின் 500 வெள்ளியைச் செலவழிக்க முடியும். இதைக் கடை வாசலில் தமிழில் எழுதி வைத்தவர் நம்மில் எத்தனை பேர்?

அட்டைக் கடனைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. மாதம் இத்தனை நூறு வெள்ளி செலவிட்டால்தான் உயர்ந்த கழிவு என்பது வங்கி அட்டைகளின் வழக்கமான நிபந்தனை. கட்டத் தவறினால் ஆண்டுக்கு 25 சதவிகிதத்துக்கு மேல் வட்டி ஏறும். 5 சதவிகிதக் கழிவுக்காக அந்த வாசலில் கால் வைப்பது கணக்கிலும் தவறு, நம்மவர் வட்டியை எவ்வாறு கருதுகிறார்கள் என்பதும் தெரிந்ததே. முழுத்தொகையையும் தானாகவே கட்டும்படி ஏற்பாடு செய்துகொள்ள முடிந்தவர் மட்டும் வைத்துக் கொள்ளலாம்.

வெளிநாட்டிலிருந்து நேரே வரவழைத்தால் வரி இல்லை என்று இன்னும் சிலர் சொல்லக் கேட்கிறோம். அந்தக் காலம் 2023 ஜனவரி முதல் தேதியோடு முடிந்தது. 400 வெள்ளிக்கு உட்பட்ட சரக்குக்கும், பதிவு பெற்ற பெரிய இணையச் சந்தைகள் பொருள் சேவை வரி வாங்குகின்றன. 1994இல் 3 சதவிகிதமாகத் தொடங்கிய அவ்வரி 2024 முதல் 9 சதவிகிதம். ஆண்டு விற்றுமுதல் பத்து லட்சம் வெள்ளிக்கு மேற்படாத சிறு கடைக்காரர் வரிக்குப் பதிந்துகொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. பதியாதவர் அவ்வரியை வாங்கவும் முடியாது. ஆகவே பெருநாள் சட்டைக்கு விலை கேட்கும்போது, இணையத்தில் கடைசிப் பக்கத்தில் வரும் மொத்தத் தொகையை, கேம்பல் லேனிலோ டன்லப் ஸ்திரீட்டிலோ கேட்கும் விலையோடு வைத்துப் பாருங்கள். பல நேரம் இணையமே சகாயமாக இருக்கும். சில நேரம் இராது. அளவு பொருந்தாவிட்டால் மறுநாள் மாற்றிக் கொள்ளலாம் என்பதற்கும் ஒரு விலை போட வேண்டும்.

பள்ளிப் புத்தகங்களுக்குப் புள்ளி தேடுமுன் பழைய புத்தகத்தைத் தேடுங்கள். ஃபேர்பிரைஸ் 1983 முதல் ஆண்டு முடிவில் பயன்படுத்திய பாடநூல்களைத் திரட்டி மாணவர்க்கு வழங்கி வருகிறது. பதிப்பு மாறியிருக்கிறதா என்று பள்ளியின் பட்டியலோடு ஒத்துப் பார்த்து எடுக்க வேண்டும். கட்டில், தள்ளுவண்டி போன்றவை 2012இல் தொடங்கிய கேரோசல் செயலியில் ஒருவர் பயன்படுத்திய நிலையில் கிடைக்கின்றன. பொருளைக் கண்ணால் பார்க்குமுன் பணம் அனுப்ப வேண்டாம். "முன்பணம் போடுங்கள், வேறொருவர் காத்திருக்கிறார்" என்பவரை விட்டு விலகுங்கள். ஐயம் எழுந்தால் ஏமாற்றுத் தடுப்பு உதவி எண் 1799.

பணம் கட்டியும் பொருள் வரவில்லை, அல்லது சொன்னது ஒன்று வந்தது ஒன்று என்றால், விற்றவர் இங்குள்ளவராக இருக்கும்பட்சத்தில் சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். வழக்கறிஞர் வேண்டியதில்லை. 20,000 வெள்ளி வரையிலும், இரு தரப்பும் எழுத்தில் இசைந்தால் 30,000 வெள்ளி வரையிலும் அங்கே கோரலாம். காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். அதற்கு அத்தாட்சி வேண்டுமாகையால், விற்பவர் திரையில் காட்டிய விலையையும் வாக்குறுதியையும் வாங்கிய அன்றே படம் எடுத்து, ரசீதுடன் சேர்த்து வைக்கும்படி வீட்டில் சொல்லி வையுங்கள்.