டேப் சுற்றினால் நிற்காத கசிவு

பதுளையிலிருந்து பசறைக்கோ பண்டாரவளைக்கோ போகும் வீதியோரங்களில் லொறியும் ஆட்டோவும் கழுவுகிற இடங்களில் இதைப் பார்க்கலாம். பிரஷர் வொஷரில் ஹோஸ் மாட்டும் வாயைச் சுற்றி வெள்ளை டேப் பந்தாகத் திரண்டிருக்கும். அதன் இடுக்கிலேயே தண்ணீரும் பீறிட்டுக்கொண்டிருக்கும். மரை கசிந்தால் டேப் சுற்று, இன்னும் கசிந்தால் இன்னும் சுற்று என்பது ஊறிப்போன நம்பிக்கை.

வீட்டுக் குழாய்க்கு அது சரி. அங்கே மரை நுனியை நோக்கிச் சற்றே கூம்பியிருக்கும். முறுக்க முறுக்க நெருங்கும், மிச்ச இடைவெளியை டேப் அடைக்கும். பிரஷர் வொஷரின் வாயில் பெரும்பாலும் இருப்பதோ எம்22 என்கிற நேர் மரை. கூம்பே கிடையாது. ஹோஸைப் பிடித்துக்கொள்வதுதான் அதன் வேலை. தண்ணீரைத் தடுப்பது, உள்ளே நுழையும் முளையில் மாட்டியிருக்கும் கறுப்பு ஓ-ரிங். அது வெடித்தோ தட்டையாகியோ இருந்தால் வெளியே ஒரு சுருள் டேப்பையே சுற்றினாலும் பயனில்லை. போதாக்குறைக்குப் பிய்ந்த துணுக்கு உள்ளே போய் நொசிலை அடைத்துக்கொள்ளும். பீலித் தண்ணீரை நேரே மெஷினுக்கு விடும் தோட்டங்களில் மணலும் சேர்ந்து ஓ-ரிங்கை அராவிவிடும். தண்ணீர் உள்ளே போகும் வழியில் ஒரு வடிகட்டி மாட்டினால் அந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

மரை ஏறிவிட்டால் பொருத்தம் சரி என்பது அடுத்த நம்பிக்கை. இதுதான் காசைக் கரைப்பது. எம்22இல் முளை 14 மில்லிமீட்டரிலும் வரும், 15இலும் வரும். வெளி மரை இரண்டுக்கும் ஒன்றே. 15க்கான வாயில் 14 முளையைப் போட்டால் அழகாக ஏறும், அழகாகக் கசியும். கடையில் "இருபத்திரண்டு" என்று மட்டும் கேட்டு வாங்கினால் பாதி அதிர்ஷ்டம்தான். பழைய ஹோஸைக் கையோடு கொண்டுபோய் முளையை வேர்னியரால் அளந்து வாங்குவதே நல்லது.

அரை இஞ்சிக் குழாய் மரையும் இப்படித்தான். லிப்டன் 1890இல் அப்புத்தளைப் பக்கம் தம்பேதன்ன ஆலையைக் கட்டிய காலத்து வெள்ளைக்காரன் கணக்குதான் இன்றும் நம் குழாய்களில் ஓடுகிறது. விட்வர்த் 1841இல் முன்வைத்த 55 பாகை மரையின் வழிவந்தது பிரிட்டிஷ் குழாய் மரை. அமெரிக்கக் குழாய் மரைக்கோ 60 பாகை. அரை இஞ்சியில் இரண்டுக்குமே இஞ்சிக்கு 14 மரை என்பதால் முதல் சில சுற்று நன்றாக ஏறி ஆளை ஏமாற்றும். கால் இஞ்சியில் பிரிட்டிஷுக்கு 19, அமெரிக்காவுக்கு 18. அங்கே சீக்கிரமே சிக்கிக்கொள்ளும்.

அப்போதுதான் ஸ்பேனர் வெளியே வரும். எம்22 மரையைக் கையால் இறுக்கினாலே போதும், ஏனென்றால் அழுத்தம் கூடக்கூட ஓ-ரிங் தானே இடைவெளிக்குள் நெரிந்து அடைக்கும். மரை தாங்கும் சுமையோ பெரிது: 100 பார் அழுத்தத்தில் 14 மில்லிமீட்டர் வாயைத் தள்ளும் விசை 150 கிலோவுக்கும் சற்றுக் கூடிய எடைக்குச் சமம். ஸ்பேனரால் நெரித்துத் தேய்ந்த பித்தளை மரை அதற்கு எத்தனை நாள் ஈடுகொடுக்கும்?

கசிவு எங்கே என்று விரலால் தடவிப் பார்ப்பது மட்டும் கூடவே கூடாது. வெடித்த ஹோஸிலிருந்து ஊசிபோல வரும் நீர் தோலைத் துளைத்து உள்ளே பரவும். வெளியே தெரிவது சிறு புள்ளிதான். ஆனாலும் பிளாஸ்டர் ஒட்டிவிட்டு வேலையைத் தொடராமல் உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காயம் அது. மெஷினை நிறுத்தி, தண்ணீரை மூடி, துப்பாக்கியின் விசையை அமுக்கி உள்ளழுத்தத்தை இறக்கிவிட்டுத்தான் ஹோஸைக் கழற்ற வேண்டும்.