கவுட் வருத்தமும் மதுவமும்

கரையோரப் பங்கொன்றிலிருந்து ஒரு குடும்பத் தலைவி எழுதிய கடிதமே இவ்வாரக் கட்டுரைக்குக் காரணம். அவருடைய கணவருக்கு ஐந்து ஆண்டுகளாகக் கவுட் வருத்தம். கிளினிக்கில் கொடுத்த மாத்திரையை ஒழுங்காக எடுத்து வந்தவர் இப்போது அதனை நிறுத்திவிட்டாராம். குடலில் பங்கசு பெருகுவதாலேயே இந்த வருத்தம் உண்டாகிறது என்றும், சீனி, பாண், பியர் மூன்றையும் விட்டுப் பங்கசு மருந்து குடித்தால் வேரோடு மாறிவிடும் என்றும் வெளிநாட்டிலுள்ள உறவினர் ஒருவர் சொன்னதை அவர் நம்பிவிட்டார். மூன்று மாதமாக நோவும் வரவில்லை. "இவர் சொல்வது சரிதானோ என்று எனக்கும் இப்போது யோசனையாக இருக்கிறது. மாத்திரையை விட்டது பிழையா?" என்று அவ்வம்மையார் வினவியுள்ளார்.

பிழைதான். ஆனால் அந்த உறவினரின் கூற்றில் ஒரு சிறு உண்மை கலந்திருக்கிறது. அதனாலேயே அது இத்தனை பேரை நம்பவைக்கிறது. அந்த உண்மை எது, அது எவ்விடத்தில் வழுவுகிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

கவுட் என்பது மூட்டு வாதங்களுள் ஒன்று. எமது நாட்டு வைத்தியர்கள் பெரும்பாலும் இதனை வாதரத்தம் என்ற பெயருக்குள் அடக்குவர். இரவில் நன்றாகப் படுத்தவர் விடியப்புறத்தில் காற் பெருவிரல் அடியில் நெருப்பு வைத்தாற்போல் விழித்தெழுவார். போர்வை பட்டாலும் தாங்கமாட்டார். காரணம் யூரிக் அமிலம். எமது உடலின் ஒவ்வொரு கலத்திலும் பியூரின் என்ற பொருள் உண்டு. அது சிதையும்போது யூரிக் அமிலம் மிஞ்சுகிறது. பெரும்பாலான மிருகங்களிடம் அதனை மேலும் உடைக்கும் நொதியம் இருக்கிறது, மனிதரிடம் இல்லை. ஆகவே நாம் அதனைச் சலத்தோடும் மலத்தோடும் வெளியேற்றியே ஆகவேண்டும். சிறுநீரகம் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கையும் குடல் மிகுதியையும் கழிக்கின்றன.

நூறு மில்லிலீற்றர் குருதியில் இவ்வமிலம் 6.8 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் அது கரைந்து நிற்கமாட்டாது. நிறைய உப்பிட்ட தண்ணீரின் அடியில் உப்புப் படிவதைப்போல, ஊசி ஊசியாக மூட்டுக்குள் படியத் தொடங்கும். உடலின் குளிர்ந்த ஓரம் கால்விரல் என்பதால் அங்கே முதலில் படிகிறது. ஒல்லாந்தரான லீவன்ஹூக் 1679இலேயே கவுட் கட்டியிலிருந்து எடுத்த ஊசிகளைத் தமது உருப்பெருக்கியாற் பார்த்தார். இலண்டன் வைத்தியர் கறொட் 1848இல் நோயாளரின் குருதியில் யூரிக் அமிலம் மிகுந்திருப்பதைக் காட்டினார். 1961இல் அமெரிக்க வைத்தியர்களான மக்காட்டியும் ஹொலண்டரும் நோயுற்ற மூட்டின் நீரை ஊசியால் எடுத்து, அதனுள் அதே ஊசிகளைக் கண்டனர். அங்கே கண்டது உப்பு ஊசியே, பங்கசு அன்று. இதனை வாசகர்கள் நினைவில் வைத்திருக்கவேண்டும்.

இனி அந்த உண்மைக்கு வருவோம். மதுவம் ஒரு பங்கசு. ஈஸ்ட் என்று கடையில் வாங்குவதும், கள்ளைப் புளிக்கவைப்பதும், பியரை நுரைக்கவைப்பதும் அதுவே. வேகமாகப் பெருகும் எந்தக் கலத்திலும் பியூரின் மிகுதி. மதுவமோ மிக வேகமாகப் பெருகுவது. அதன் உலர்ந்த நிறையில் ஏறக்குறைய 6 முதல் 12 வீதம் வரை பியூரினைத் தரும் நியூக்கிளிக்கமிலமே. 1970களில், உலகின் பசியைப் போக்க மதுவத்தையே புரத உணவாகக் கொடுக்கலாம் என்று அறிஞர்கள் எண்ணியபோது, அதனைத் தடுத்த இடர்களுள் ஒன்று இதுதான். உண்டவர்களின் யூரிக் அமிலம் ஏறியது. அத்தகைய உணவிலிருந்து ஒருவர் நாளொன்றுக்கு 2 கிராமுக்கு மேல் நியூக்கிளிக்கமிலம் பெறலாகாது என்று ஐக்கிய நாடுகளின் புரத ஆலோசனைக் குழு வரையறுத்தது.

ஆகவே பங்கசுக்கும் கவுட்டுக்கும் தொடர்பு உண்டு. ஆனால் அது குடலில் குடியிருக்கும் பங்கசு அன்று. கிளாசிலும் கரண்டியிலும் வருகின்ற பங்கசு. பியர் தயாரிப்பில் மிஞ்சும் மதுவத்தின் சாறே எமது வீடுகளில் பாணுக்குப் பூசுகின்ற மாமைற். பிள்ளைகளுக்கு அது நல்ல விற்றமின் உணவு; கவுட் உள்ள தகப்பனாருக்கு ஆகாது. பாணை விடவேண்டியதில்லை. ஓர் இறாத்தல் பாணில் சேரும் மதுவம் மிகக் குறைவு. கள்ளு விட்டுப் புளிக்கவைத்த அப்பத்துக்கும் இது பொருந்தும். பயப்படவேண்டியது அப்பத்துக்கு விட்ட அந்தக் கால் கிளாசுக்கு அன்று, மிச்சப் போத்தலுக்கே.

குடியைப் பற்றிய கணக்கு ஒன்று உண்டு. அமெரிக்காவில் 47,150 ஆண்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2004இல் முடிவுகளை வெளியிட்டனர். நாளொன்றுக்கு இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பியர் குடித்தோருக்குக் கவுட் வருமளவு பியர் குடியாதோரைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு; சாராயம் போன்ற வடித்த குடிவகைக்கு ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். மது எதுவாயினும் ஈரலில் யூரிக் அமிலத்தைப் பெருக்கி, சிறுநீரகம் அதனைக் கழிப்பதைத் தடுக்கும். பியரோ அதற்கு மேல் தனது பியூரினையும் சேர்த்துக்கொடுக்கிறது. எமது பனங்கள்ளின் வெண்மையில் பெரும்பங்கு அதில் மிதக்கும் மதுவமும் பற்றீரியாவுமே. வடிகட்டிய பியரிலும் பார்க்க அதனை நல்லதென்று கொள்ள எந்த நியாயமும் இல்லை. முட்டிக்குச் சுண்ணாம்பு பூசி இறக்கிய கருப்பநீரில் மதுவம் வளராது, வெறியும் இராது. ஆனால் இனிப்பு உண்டு. அந்த இனிப்பும் பொல்லாததே.

ஏனெனில் சீனியின் ஒரு பாதி பிரக்டோசு. ஈரல் அதனை அவசரமாகக் கையாளும்போது தன் சக்திச் சேமிப்பைச் செலவிட்டு யூரிக் அமிலத்தை உண்டாக்குகிறது. அதே ஆண்களிடம் செய்த ஆய்வு 2008இல் வெளிவந்தபோது, நாளுக்கு இரண்டு அல்லது அதற்கு மேல் இனிப்புச் சோடா குடித்தவருக்கு, மாதத்தில் ஒன்றும் குடியாதவரைவிட 85 வீதம் அதிகமாகக் கவுட் வந்தது தெரிந்தது. மதுவை அறியாத வீடுகளிலும் பெருநாட்களில் பெட்டி பெட்டியாக வந்து இறங்குவது இந்தச் சோடாவே.

இப்போது கடிதத்திலுள்ள புதிர் தானாக அவிழ்கிறது. அம்மையாரின் கணவர் பங்கசைக் கொல்வதாக எண்ணிச் சீனியையும் பியரையும் விட்டார். இரண்டும் கவுட்டை வளர்ப்பவை. நோவு குறைந்ததில் வியப்பில்லை. செய்த காரியம் நல்லது. சொன்ன காரணந்தான் பிழை. பிழையான காரணத்தை நம்பியதால் மாத்திரையையும் விட்டுவிட்டார்.

உடலில் பங்கசு பெருகுவதே இல்லை என்று நான் சொல்லவில்லை. கன்டிடா என்ற மதுவம் சுகதேகிகள் பலரின் வாயிலும் குடலிலும் சும்மா கிடக்கிறது. நீரிழிவு முற்றியபோதும், கிருமிகொல்லி மருந்துகளை நெடுநாள் எடுத்தபோதும் அது பெருகும். கைக்குழந்தைகளின் நாக்கில் வெள்ளை படிவதும் அதனாலே. ஆனால் களைப்பு, தலையிடி, மூட்டுநோ எல்லாவற்றுக்கும் இந்தக் கன்டிடாவே காரணம் என்ற கொள்கை 1983இல் குறூக் என்ற அமெரிக்க வைத்தியர் எழுதிய நூலால் பரவியது. பின்வந்த சிலர் கவுட்டையும் அந்தப் பட்டியலிற் சேர்த்தனர். 1990இல் 42 பெண்களுக்கு நிஸ்டற்றின் என்ற பங்கசு மருந்தையும் வெறும் போலி மருந்தையும், எது எதுவென்று நோயாளருக்கும் வைத்தியருக்கும் தெரியாதவாறு மாறிமாறிக் கொடுத்துப் பார்த்தார்கள். பொதுவான உபாதைகளில் உண்மை மருந்து போலியை வெல்லவில்லை. நீரிழிவும் உடற்பருமனும் உள்ளவருக்குக் கன்டிடாவும் வரும், கவுட்டும் வரும். ஒரே வீட்டுக்கு இரண்டு விருந்தாளிகள் வந்தால் ஒருவர் மற்றவருக்குத் தகப்பனாகிவிடுவாரா? குடலில் யூரிக் அமிலத்தைத் தின்று குறைக்கும் சில பற்றீரியாக்கள் உள்ளன என்று 2023இல் ஆய்வுகள் வெளிவந்துள்ளன. அது வேறு கதை. பங்கசு மருந்தால் வரும் நன்மை அன்று.

நிற்க. மாத்திரையை விட்டதில் என்ன ஆபத்து? அலோபியூரினோல் என்ற அம்மருந்து யூரிக் அமிலம் உண்டாவதையே தடுக்கிறது. அமெரிக்காவில் 1966 முதல் பாவனைக்கு வந்த இதனை உருவாக்கியவர்களுள் ஜேட்றூட் எலியனும் ஜோர்ஜ் ஹிச்சிங்சும் 1988இல் நொபெல் பரிசு பெற்றனர். குருதியிலுள்ள அளவை 6 மில்லிகிராமுக்குக் கீழே வைத்திருந்தால் படிந்த ஊசிகள் மெல்ல மெல்லக் கரையும். அதற்கு மாதங்களும் ஆண்டுகளும் செல்லும். நோவில்லாத மூன்று மாதம் என்பது சுகம் அன்று. இரண்டு தாக்குதல்களுக்கு இடைப்பட்ட அமைதி மட்டுமே. அந்த அமைதியிலும் ஊசிகள் படிந்துகொண்டிருக்கும்; சிறுநீரகத்திற் கல்லாகவும் காதுமடலிலும் விரல்களிலும் கட்டியாகவும் வந்து நிற்கும். மருந்தைத் தொடங்கிய முதல் மாதங்களில் நோவு கூடுவதுண்டு. பழைய ஊசிகள் அசைவதால் வரும் தொல்லை அது. அதைக் கண்டு "இந்த மருந்து எனக்குச் சரிவராது" என்று விட்டவர்கள் பலர். தோலில் தழும்புபோலப் பொரிந்தால் மாத்திரம் உடனே நிறுத்தி வைத்தியரிடம் ஓடவேண்டும்.

இன்னும் பெரிய ஆபத்து ஒன்று இந்தப் பங்கசுக் கதையில் ஒளிந்திருக்கிறது. கவுட் நோவுக்குக் கொடுக்கும் கொல்சிசின் மருந்தை எடுத்துக்கொண்டு, கீற்றோகொனசோல், இற்றாகொனசோல் போன்ற பங்கசு மாத்திரைகளையும் விழுங்கினால், உடல் கொல்சிசினைக் கழிக்கமுடியாமல் அது குருதியில் நஞ்சாகத் திரளும். சிறுநீரகமோ ஈரலோ பழுதடைந்தவருக்கு உயிராபத்து. எந்தப் பங்கசு மாத்திரையையும் வைத்தியருக்குச் சொல்லாமல் எடுக்கவேண்டாம். கொல்சிசின் ஐரோப்பியச் செடியொன்றின் கிழங்கிலிருந்து வந்தது. எமது வேலியோரம் படரும் கார்த்திகைப்பூக் கொடியின் கிழங்கிலும் அதே பொருள் உண்டு. "கிழங்கும் மருந்துதானே" என்று அரைத்துக் குடிப்பவர்களுக்காகவே இதனைச் சொல்லுகிறேன். அதன் அளவை எவராலும் கணிக்கமுடியாது. அதை உண்டு இறந்தவர்கள் இந்நாட்டில் உண்டு.

கவுட் வந்தவரைக் கண்டவுடன் "குடியும் தீனியும்" என்று ஊர் சிரிக்கும். அந்த வெட்கத்தால் கிளினிக்குக்குப் போகாதவர்களும் உளர். 590 முதல் 604 வரை திருச்சபையை ஆண்ட புனித பெரிய கிரகோரியார் ஒருசந்தியால் வயிறு கெட்டுப்போன துறவி. அவருக்கும் கவுட் இருந்தது. படுக்கையை விட்டு எழமுடியாமற் கிடந்ததை அவரது கடிதங்களிலேயே காணலாம். உடலிலுள்ள யூரிக் அமிலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே உணவால் வருவது. மிகுதி உடலே உண்டாக்குவது. அதைக் கழிக்கும் திறன் பெரும்பாலும் பிறப்போடு வருகிறது. உணவை மட்டும் திருத்தி எல்லோரும் மாத்திரையிலிருந்து தப்பமுடியாததும் இதனாலேதான்.

அம்மையார் கடிதத்தின் முடிவில், தவக்காலம் வந்தால் இறைச்சி நிற்கும், அப்போது இவருக்கு நல்லதுதானே என்று கேட்டிருக்கிறார். அவ்வளவு நல்லதன்று. சுத்தபோசனத்தில் விலக்குவது இறைச்சியை. அந்த இடத்தில் எமது சட்டியில் ஏறுவது நெத்தலியும் சூடையும் நண்டும் இறாலும். நெத்தலியிலும் சூடையிலும் பல இறைச்சி வகைகளிலும் பார்க்கப் பியூரின் மிகுதி; கருவாடாகக் காய்ந்தால் இன்னும் செறியும். அவிக்கும்போது பியூரின் தண்ணீரில் இறங்குவதால், மீன்தலையும் நண்டும் போட்ட ஒடியற்கூழின் அடிப்பானையே கவுட்டுக்காரருக்குப் பொல்லாதது. நாள் முழுதும் பட்டினி கிடப்பதும் யூரிக் அமிலத்தை ஏற்றும். நோயாளரை ஒருசந்திக் கடமை கட்டுப்படுத்தாது. ஐயமிருந்தால் பங்குத்தந்தையிடம் கேட்டுக்கொள்ளலாம். மற்றவர்கள் ஒருசந்தி இருந்தாலும் இவர் நேரத்துக்குச் சாப்பிடட்டும், தண்ணீர் நிறையக் குடிக்கட்டும்.

பருப்பையும் கீரையையும் நிறுத்தும்படி பழைய கிளினிக் துண்டுகளில் எழுதியிருக்கும். மரக்கறிப் பியூரினால் கவுட் கூடுவதில்லை என்பதும், பாலும் தயிரும் அதைக் குறைக்கின்றன என்பதும் 2004ஆம் ஆண்டின் அதே ஆய்வுத் தொடரில் தெரியவந்தன. ஆகவே வெள்ளிக்கிழமைகளில் சோற்றோடு பருப்பு, முருங்கையிலை வறை, முட்டைக் குழம்பு, சீனி போடாத தயிர் வைக்கலாம். அந்த வாரத்திலேயே கிளினிக்குக்குப் போய்க் குருதியைச் சோதித்து, மாத்திரையை மீண்டும் எந்த அளவில் தொடங்குவதென்று கேட்டுவரவும். விட்ட இடத்திலிருந்து தாமாகத் தொடங்கவேண்டாம்.