எலியை வைத்து சைக்கோசிஸ் மருந்து சோதிக்கிறீர்களா?

இந்த வாரம் ஊசி போடத் தொடங்குகிறீர்கள் என்றால், கூண்டைத் திறக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். காதில் குரல் கேட்கிறதா, யாராவது பின்தொடர்கிறார்களா என்று எலியிடம் விசாரிக்க முடியாது. நாம் அளப்பதெல்லாம் அதன் ஓட்டத்தையும் திடுக்கிடலையும் தப்பித்தலையும்தான். பல ஆய்வேடுகள் வைவாவில் மாட்டிக்கொள்வது இதை மறந்த இடத்தில்தான்.

செய்ய வேண்டியவை

• விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி கைக்கு வந்த பிறகே முதல் எலியைத் தொடுங்கள். கெட்டமின் வாங்குகிறீர்கள் என்றால் பதிவேட்டையும் அன்றன்றே எழுதுங்கள். அது ஷெட்யூல் எக்ஸ் மருந்து.

• எந்த அறிகுறிக்கான மாடல் என்பதை நோட்டின் முதல் வரியில் எழுதுங்கள். ஆம்ஃபிடமின் கொடுத்து ஓடவிட்ட எலி, நோயாளி ஒதுங்கிப்போவதைப் பற்றியோ மறதியைப் பற்றியோ எதுவும் சொல்லாது.

• எலி தூங்கி வழிகிறதா என்று தனியாகச் சோதியுங்கள். ஓட்டம் குறைந்ததும் "மருந்து வேலை செய்கிறது" என்று எழுதிவிடுகிறார்கள். டயசெபாமைக் கூட்டிக் கொடுத்தாலும்தான் ஓட்டம் குறையும். கண்டிஷன்டு அவாய்டன்ஸ் சோதனைக்கு இன்றும் மதிப்பு இருப்பது இதனால்தான். மணி அடித்ததும், ஷாக் வருவதற்குள் அடுத்த அறைக்கு ஓட எலி பழகியிருக்கும். சரியான அளவில் ஆன்டிசைக்கோடிக் கொடுத்தால் மணியைச் சட்டை செய்யாது, ஷாக் பட்டதும் ஓடிவிடும். ஷாக்குக்கும் ஓடவில்லையா? டோஸைக் குறையுங்கள். 1950களின் தொடக்கத்தில் குளோர்ப்ரோமசைனை சிமோன் கூர்வாசியே எலிகளில் சோதித்த காலத்திலிருந்து தொடரும் முறை இது.

• டோஸை எலியின் உடலுக்கேற்பக் கணக்கிடுங்கள். ஹாலோபெரிடால் மனிதர் உடலில் ஏறக்குறைய ஒரு நாள் தங்கும், எலியிடம் சில மணி நேரத்தில் இறங்கிவிடும். தினம் ஒரு ஊசி போட்டுவிட்டு "நாள்பட்ட சிகிச்சை" என்று எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆஸ்மாட்டிக் மினிபம்ப் வையுங்கள்.

• மருந்தைக் கரைக்கச் சேர்த்த அமிலத்தைக் கன்ட்ரோல் எலிக்கும் கொடுங்கள். வெறும் சலைன் போதாது.

• மெல்லிய முன்னொலி திடுக்கிடலைக் குறைக்கிறதா என்று பார்க்கும் ப்ரீபல்ஸ் இன்ஹிபிஷன் சோதனைக்கு முன் சுண்டெலியின் காதைச் சரிபாருங்கள். டிபிஏ/2 வகைக்கு இளவயதிலேயே கேட்கும் திறன் மங்கும், சி57பிஎல்/6 வகைக்கு வயதாக ஆக. சத்தமே எட்டாத சுண்டெலியை வைத்து மூளை வடிகட்டவில்லை என்று முடிவு கட்டினால் எப்படி?

செய்யக்கூடாதவை

• "ஸ்கிசோஃப்ரினியா எலி" என்று எழுதாதீர்கள். ப்ரீபல்ஸ் இன்ஹிபிஷன் ஹண்டிங்டன் நோயிலும் ஓசிடியிலும்கூடக் குறைகிறது.

• குட்டிகளை எண்ணி மாதிரி எண்ணிக்கை போடாதீர்கள். கர்ப்பிணி எலிக்கு பாலி ஐசி கொடுக்கும் மாடலில் ஊசி வாங்கியவள் தாய். மூன்று தாய்களுக்கு 24 குட்டிகள் என்றால் உங்கள் எண்ணிக்கை 3, 24 அல்ல. இதைச் சொன்னால் பலருக்குக் கோபம் வருகிறது. ரிவ்யூவர் சொல்லும்போது அழுகை வரும்.

• கேடலெப்சி வரவில்லை என்பதற்காக ஒரு மருந்தைத் தூக்கிப் போடாதீர்கள். எலியை உறைய வைக்காத மருந்து ஆன்டிசைக்கோடிக் ஆகாது என்று நம்பிய காலத்தில் வந்ததுதான் எலியை உறைய வைக்காத குளோசபின். மற்ற மருந்துகளுக்கு அடங்காத நோயாளிகளிடம் அது குளோர்ப்ரோமசைனை வென்றதாக 1988இல் வந்த ஆய்வு காட்டியது.

• எலியிடம் வெற்றி கிடைத்ததும் இனிப்பு வாங்காதீர்கள். குளூட்டமேட் வழியில் வேலை செய்யும் லில்லி நிறுவனத்தின் பொமாக்ளூமெட்டாட், எலிகளில் பிசிபியின் விளைவைத் தடுத்த மருந்து வகையைச் சேர்ந்தது. 2007இல் நோயாளிகளிடமும் நம்பிக்கை தந்தது. 2012இல் மூன்றாம் கட்ட ஆய்வு கைவிடப்பட்டது. சுண்டெலிகளின் நடத்தையை வைத்தே கண்டெடுத்த உலோடரான்ட் 2023இல் இரண்டு பெரிய ஆய்வுகளில் ப்ளாசிபோவைத் தாண்டவில்லை.

• எந்த எலிக்கு எந்த ஊசி என்று தெரிந்தவரை ஸ்கோர் போட விடாதீர்கள். கேடலெப்சி சோதனையில் கம்பியில் கை வைத்த எலி எத்தனை விநாடி அசையாமல் இருந்தது என்பதை மனம் கூட்டியும் குறைத்தும் எண்ணும்.

• சுண்டெலியை வாலைப் பிடித்துத் தூக்காதீர்கள். பயந்த விலங்கின் ஓட்டம் எதையும் நிரூபிக்காது. குழாயில் ஏற்றி எடுங்கள்.

• பி மதிப்பு 0.07 வந்ததும் இன்னும் நான்கு எலியைச் சேர்க்காதீர்கள். எண்ணிக்கையை இன்றே கணக்கிட்டுத் தேதியோடு எழுதி வையுங்கள். 0.05க்குக் கீழே இறங்கும்வரை சேர்த்துக்கொண்டே போனால் சலைனும் ஒருநாள் ஆன்டிசைக்கோடிக் ஆகிவிடும்.